வேலையாட்களும் வீட்டுத் திறப்பும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கட்டிய வீட்டைப் பழுதுபார்ப்பதில் உள்ள இடரை அவர்கள் ஏனோ சொல்லாது விட்டனர். புது வீடு கட்டும்போது நாம் வேறிடத்தில் குடியிருப்போம். அங்கே கல்லும் மணலும் சீமெந்தும் தவிரக் காவல் காக்க வேண்டிய பொருள் அதிகம் இராது. பழைய வீட்டைத் திருத்தும்போதோ, நம்முடைய அலுமாரியும் பிள்ளைகளின் புத்தகங்களும் சாமியறை விளக்கும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் நடுவே மேசனும் தச்சரும் மின்சார வேலையாளரும் வந்துபோகின்றனர். அப்போது இல்லத்தரசியின் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. இவர்களைத் தனியே விட்டுவிட்டு நாம் வெளியே போகலாமா?

கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அப்பு இருப்பார். குசினியில் ஆச்சி இருப்பார். இன்றோ வெள்ளவத்தை மாடிவீடுகளில் கணவனும் மனைவியும் காலை ஏழு மணிக்கே பணிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். யாழ்ப்பாணத்திலோ பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, வீட்டுத் திறப்பு உறவினர் ஒருவரின் கையில் இருக்கின்றது. அல்லது முதிய பெற்றோர் இருவர் மட்டும் உள்ளே இருக்கின்றனர். ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இதற்கு இரண்டு தவறான விடைகள் உண்டு. எல்லாரும் நல்லவர்களே என்று முதல் நாளே திறப்பைக் கையில் கொடுத்துவிடுவது ஒன்று. எல்லாரும் கள்வர்களே என்று காலை முதல் மாலை வரை அவர்களின் முதுகுக்குப் பின்னே நிற்பது மற்றொன்று. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பிய பின்னர் அவரை ஐயுறுவதும் தீராத துன்பத்தையே தரும் என்பது 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் தெளிவாகும். அரசர்க்குச் சொன்னதாயினும் அது இல்லத்தார்க்கும் பொருந்துவதே.

முதலில் களவு பற்றிய அச்சத்தை நோக்குவோம். வேலை நடக்கும் வீட்டில் பொருள்கள் இடம் மாறுகின்றன. அறையிலிருந்த பெட்டி விறாந்தைக்கு வருகின்றது. மேசை லாச்சியில் இருந்தவை கூடைக்குள் போகின்றன. அந்தக் குழப்பத்தில் ஒரு சங்கிலி காணாமற் போனால், நம் எண்ணம் உடனே யார் மீது செல்கின்றது? வந்து போகும் கூலியாள் மீதே செல்கின்றது. மூன்றாம் நாள் அச்சங்கிலி தலையணை உறைக்குள் அகப்படலாம். ஆனால் அதற்குள் அந்த மனிதரின் பெயர் ஊரெல்லாம் போய்விட்டிருக்கும். நாட்கூலி பெறுபவருக்கு அவருடைய நற்பெயரே முதல். அது போனபின் மறுநாட்காலை அவரை வேலைக்கு அழைப்பார் யார்? தொலைந்த நகை திரும்பக் கிடைக்கும். தொலைந்த பெயர் கிடைப்பதில்லை.

ஆதலால், வேலை தொடங்குவதற்கு முந்திய நாளே நகை, பணம், காணி உறுதிகள், கடவுச்சீட்டு ஆகியவற்றை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுதல் நன்று. அது இயலாதவர்கள் ஓர் அறையைப் பூட்டித் திறப்பைத் தம்மிடம் வைத்திருக்கலாம். இதனை வேலையாட்களை அவமதிக்கும் செயலாக எவரும் கருத வேண்டியதில்லை. அவர்கள் மீது வீண்பழி விழ இடமில்லாமற் செய்யும் உதவியே இது. வீட்டார் எவரேனும் உடனிருப்பதை நேர்மையான தொழிலாளர் பலர் தாமே விரும்புவதும் இக்காரணத்தாலேயே.

அடுத்து, ஆளைத் தெரிதல். தலைமை மேசன் முன்னர் வேலை செய்த இரண்டு வீடுகளை நேரிற் சென்று பாருங்கள்; ஒரு மாரிகாலம் கடந்த வீடாயின் இன்னும் நன்று. மழை காட்டாத குறையை எவரும் காட்டமாட்டார். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டா என்றும் கேட்கலாம். எந்த வேலை, பொருள் வாங்குவது யார், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு, வேலைக்கு வருவோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரு பிரதிகளாக்கி, இருவரும் கையொப்பமிடுதல் வேண்டும். புதிதாக ஒருவர் வேலைக்கு வருவதாயின், தலைமை மேசனே அவரை அழைத்துவந்து அறிமுகஞ் செய்யட்டும்.

எல்லா நாளும் நாம் உடனிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மதிற்சுவருக்கு வர்ணம் பூசும் நாளிலும், முற்றத்தில் கல் பதிக்கும் நாளிலும் நாம் இல்லாவிடினும் குறையில்லை. ஆனால் பின்னர் கண்ணுக்குத் தெரியாமல் மறையப்போகும் வேலை நடக்கும் நாளில் விடுமுறை எடுத்தாவது இருத்தல் வேண்டும். சுவருக்குள் மின்கம்பிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் போகும் நாளையும், குளியலறைத் தரையில் நீர்க்கசிவுக்குத் தடைப்பூச்சு இடும் நாளையும் உதாரணமாகக் கூறலாம். சாந்து பூசி மூடுமுன் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து வைத்தால், பின்னொரு காலத்தில் சுவரில் ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். சீமெந்து வேலை முடிந்தபின் குறைந்தது 7 நாட்களாவது அதனை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மேசன் போன பின்னர் மாலையில் தண்ணீர் ஊற்றுவது வீட்டாரின் பொறுப்பேயாகும்.

வேலையாட்களைத் தனியே விடக்கூடாது என்பதற்குக் களவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது அவர்களுடைய உயிர். கூரை மீது ஒருவர் தனியாக ஏறுதல் ஒருபோதும் ஆகாது. அஸ்பெஸ்டஸ் தகடு மனிதப் பாரம் தாங்காது. குறுக்கே பலகை இட்டே அதில் நடக்க வேண்டும். அதனை வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஆகவே பிள்ளைகளை அவ்விடத்துக்கு அணுக விடாதீர்கள். கிணறு இறைப்பதற்கு எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குவது உயிர்க்கொலைக்கு ஒப்பானது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவரும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் ஒருங்கே மாண்டுபோகக்கூடும். மின்சார வேலை நடக்கும்போது பிரதான ஆளியை நிறுத்தி, அதனருகில் ஒருவர் நிற்றல் வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 'ட்ரிப் சுவிட்ச்' ஒழுங்காக வேலை செய்கின்றதா என்பதை வேலைக்கு முன்னரே சோதித்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். ஆனால் அழைப்பதற்கு அங்கே ஒருவர் இருக்க வேண்டுமன்றோ?

இன்னொன்றையும் ஒளிவின்றிச் சொல்லுதல் நம் கடமை. பாடசாலை விட்டு வரும் பிள்ளையையும், நடமாட இயலாத முதியவரையும் முன்பின் அறியாத ஆட்களுடன் வீட்டில் தனியே விடலாகாது. இது எவரையும் பழித்துரைப்பதன்று. எத்தொழிலாளர்க்கும் எவ்வூரார்க்கும் பொதுவான எச்சரிக்கை. பெண் ஒருவர் மட்டும் வீட்டில் இருக்க நேர்ந்தால், அயல்வீட்டு அக்காவிடமோ மாமியிடமோ ஒரு சொல் சொல்லிவைத்தல் போதும். கண்காணிப்புக் கமரா பூட்டியவர்கள் அது இருப்பதை வேலையாட்களுக்கு முதலிலேயே தெரிவித்துவிடுதல் முறை. ஒளித்து வைத்துப் பார்ப்பது பண்பாகாது.

நம்பிக்கை என்பது நாம் ஒருவரை நடத்தும் விதத்திலே பிறக்கின்றது. வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளையும் சிரட்டையும் வைத்த காலம் ஒன்று நம்மவரிடையே இருந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. அது கடைக்கும் பாடசாலைக்கும் ஆலயத்துக்கும் வரம்பு வகுத்ததேயன்றி, நம் குசினியில் இருக்கும் குவளையைக் காவல் காக்க அதனால் இயலாது. அங்கே நம் மனச்சாட்சியே சட்டம். நாம் குடிக்கும் குவளையிலேயே தேநீர் கொடுங்கள். உணவு உண்ண நிழலான இடமும், கைகால் கழுவத் தண்ணீரும், மலசலகூடமும் முதல் நாளே காட்டிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் 'அண்ணை', 'தம்பி' என்றும், கொழும்பில் 'பாஸ்' என்றும் அழைக்கும் ஒரு சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டென்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். மதிக்கப்பட்டவன் அந்த மதிப்பைக் காப்பாற்றவே முயல்வான்.

அவ்வாறிருந்தும் ஒரு பொருள் காணாமற் போனால் என் செய்வது? முதலில் வீடு முழுவதையும் தேடுங்கள். பின்னர் வீட்டாரை விசாரியுங்கள். அதன்பின் தலைமை மேசனைத் தனியே அழைத்து, குற்றஞ் சாட்டாமல், "இன்ன பொருளைக் காணவில்லை, எங்கேனும் கண்டீர்களா?" என்று கேளுங்கள். எல்லாரையும் முற்றத்தில் நிறுத்திப் பையைச் சோதிப்பது நமக்குரிய அதிகாரமன்று. களவு உறுதியெனத் தெரிந்தால் பொலிசாரிடம் முறையிடலாம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் வீட்டில் வேலை நடந்தால், காவலுக்கு நிற்பவர்போல் நில்லாது கற்க வந்தவர்போல் நில்லுங்கள். மேசன் நூல் பிடித்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து, குறுக்கே 5 அடி வருகின்றதா என்று பார்ப்பார். வந்தால் மூலை மட்டம். நீங்கள் வகுப்பறையில் பைதகரசின் தேற்றமாகப் படித்ததை அவர் கையினாலே செய்துகாட்டுகின்றார். அதனைக் கேட்டறியும் பிள்ளை இருக்கும் வீட்டில் தனிக் காவல் எதற்கு?

ஆகவே கேள்விக்கு நம் விடை இதுவாகும். முதல் வாரம் உடனிருங்கள். மறையும் வேலைக்கும் ஆபத்தான வேலைக்கும் எந்நாளும் உடனிருங்கள். மற்ற நாட்களில், ஆராய்ந்து தெளிந்தவரிடம் வீட்டை ஒப்புவித்து நிம்மதியாகப் போய்வாருங்கள். மாலையில் திரும்பிவந்ததும் அலுமாரியை எண்ணிப் பார்க்குமுன், அன்றைய வேலையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.