ஆகாயத்தில் 4 மணி. வீடு சேர எத்தனை மணி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் தந்தை காலமானால், செய்தி நொடியில் போய்ச் சேருகிறது. மகன் எப்பொழுது வந்து சேருவான்?

"துபாய் 4 மணி நேரம்தானே!" என்பார்கள் உறவினர்கள். அதை நம்பி எடுக்கும் நேரத்தைக் குறித்துவிட்டால், மகன் கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போகும்.

நடுவில் திருச்சி

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். துபாயும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஒன்று கிழக்கே, மற்றொன்று வடமேற்கே. ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், இரண்டு ஊருக்கும் சுமார் 4 மணி நேரம் ஆகிறது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

திருச்சியில் பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம், சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை 6-30. துபாயில் இறங்கினால் அங்கே பிற்பகல் 2-30. பறந்தது என்னவோ 4 மணி நேரம்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பிந்தியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகியிருக்கும்.

தேதியிலும் கவனம் வேண்டும். 15ந் தேதி நள்ளிரவு 12-30 மணி விமானத்திற்கு, 14ந் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

தரையில் போகும் நேரம்

துபாயில் தங்குமிடத்திலிருந்து விமான நிலையம் செல்ல 1 மணி. அங்கே 3 மணி முன்னதாக இருக்க வேண்டும். பறக்க 4 மணி. திருச்சியில் சோதனை முடிந்து பெட்டி வாங்க 1 மணி. பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் கிடையாது, சாலை வழிதான். அரியலூருக்கு ரயில் உண்டு. ஆனால் அது வரும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு 2 மணி என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 11 மணி ஆகிறது!

இது நேர் விமானத்தில் உடனே இடம் கிடைத்தால்தான். சென்னையிலோ கொழும்பிலோ விமானம் மாறுவதென்றால் நேரம் இன்னும் நீளும்.

வழி அடைபட்டால்?

தூரம் மாறாது, வழி மாறலாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து லண்டன் போன்ற மேலை நகரங்களுக்குச் சென்ற இந்திய விமானங்கள் சுற்றிப் போயின. நேரமும் எரிபொருளும் கூடின. அதே ஆண்டு ஜூன் 23ல் கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியபோது, பல விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

ஆகவே, டிக்கெட் உறுதியானதும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நேர் விமானமா? எந்தத் தேதி? எந்த ஊர் நேரம்?

அதன் பிறகே எடுக்கும் நேரத்தைக் குறிப்பது நல்லது.