சொந்தக் கையால் கட்டிய விமானம் கைமாறும்போது கையெழுத்திடுவது யார்?

அமெரிக்காவில் சிறிய ரக விமானங்களுக்கான விதிமுறைகள் பெரிய அளவில் மாறியுள்ளன. ‘மொசைக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய விதித்தொகுப்பை அந்நாட்டின் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிருவாகம் (எஃப்ஏஏ) 2025 ஜூலை 22ஆம் தேதி அறிவித்தது. விமானிகள் தொடர்பான பகுதி அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. புதிய விமானங்களுக்குச் சான்றளிக்கும் பகுதிக்கு 2026 ஜூலை 24 என நாள் குறிக்கப்பட்டது.

தலைப்புச் செய்தியானது முதல் பகுதிதான். பொழுதுபோக்கு விமானிகள் தனி மருத்துவச் சான்றிதழ் இல்லாமல், கார் ஓட்டும் உரிமத்தை வைத்துக்கொண்டே பறக்கும் சலுகை முன்பே இருந்தது. ஆனால் 600 கிலோ எடைக்குட்பட்ட, இரண்டு இருக்கை விமானங்களை மட்டுமே அவர்கள் ஓட்ட முடிந்தது. இப்போது எடை வரம்பு நீங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, விமானம் எவ்வளவு குறைந்த வேகம்வரை காற்றில் நிலைத்து நிற்கும் என்பதே அளவுகோலாகியுள்ளது. நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம், ஆனால் ஒரு பயணியைத்தான் ஏற்றலாம்.

அதே விதித்தொகுப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் உண்டு. வீட்டில் கட்டப்பட்ட விமானத்தை ஆண்டுதோறும் சோதித்து, “இது பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறது” என்று கையெழுத்திடுவது யார் என்பது பற்றியது அது. பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்தச் சிறிய மாற்றம்தான் கூடுதல் கவனத்துக்கு உரியது.

பாதிக்கு மேல் சொந்த உழைப்பு

வீட்டில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் புதுமையல்ல. இதற்கென்றே 1953இல் தொடங்கப்பட்ட இஏஏ என்ற சங்கம் ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் நகரில் மாபெரும் விமானக் கூடலை நடத்துகிறது. புதிய விதிகளும் அங்குதான் அறிவிக்கப்பட்டன.

விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆர்வலரே செய்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. ‘51 விழுக்காட்டு விதி’ என்று அதைச் சொல்வார்கள். பலர் நிறுவனங்கள் விற்கும் பாகத் தொகுப்பை வாங்கி, கார் கொட்டகையில் வைத்து, பல ஆண்டுகள் ரிவெட் அடித்து முடிக்கிறார்கள்.

கட்டி முடித்தவுடன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறந்துவிட முடியாது. முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். சான்றளிக்கப்பட்ட இயந்திரமும் சுழல்விசிறியும் பொருத்தியிருந்தால் 25 மணி நேரம் போதும். அந்தக் காலத்தில் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே பறக்கலாம், பயணிகளுக்கு இடமில்லை.

அதன்பின் 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுச் சோதனை. இயந்திர மூடியைக் கழற்றி உருளைகளின் அழுத்தம் அளக்கப்படும். எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். துகள் தென்பட்டால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று பொருள். எரிபொருள் குழாய்கள், இறக்கையின் அசையும் பாகங்களை இயக்கும் தண்டுகள், அவற்றின் மூட்டுகள், பிரேக், மின்கலம் என ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்படும்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். இத்தகைய விமானத்தைப் பழுதுபார்க்க அமெரிக்காவில் எந்த உரிமமும் தேவையில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆண்டுச் சோதனைக் கையெழுத்துக்கு மட்டுமே தகுதி வேண்டும். விமானத்தைக் கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் அத்தகுதியைப் பெறலாம். அதை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அந்தத் தகுதி போய்ச் சேராது. அவர் உரிமம் பெற்ற விமானப் பொறிநுட்பரையோ கட்டியவரையோதான் நாட வேண்டும்.

இந்தத் தடைதான் இப்போது தளர்ந்துள்ளது. விமானத்தைக் கட்டாத உரிமையாளரும், இலகு ரக விமானப் பரிசோதகருக்கான குறுகிய காலப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றால், தமது விமானத்தின் ஆண்டுச் சோதனையில் தாமே கையெழுத்திடலாம்.

இரண்டாம் உரிமையாளரும் விபத்தும்

இரண்டாம் உரிமையாளர் என்ற சொல் விபத்து ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் இவ்வகை விமானங்கள் பற்றித் தனி ஆய்வறிக்கை வெளியிட்டது. நாட்டின் சிறு விமானங்களில் சுமார் 10 விழுக்காடாக இருந்த இவை, 2011ஆம் ஆண்டு விபத்துகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 விழுக்காட்டையும் கொண்டிருந்தன.

ஆய்வில் இடம்பெற்ற 224 விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை கட்டியவரிடமிருந்து கைமாறிய விமானங்களில் நேர்ந்தவை. அவற்றில் 14 விபத்துகள் புதிய உரிமையாளரின் முதல் பறத்தலிலேயே நடந்தன. இயந்திரக் கோளாறும், விமானி கட்டுப்பாட்டை இழப்பதும் முதன்மைக் காரணங்கள்.

ஒரு தொழிற்சாலையில் தயாரான நூறு விமானங்கள் நூறும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வீட்டில் கட்டிய நூறு விமானங்கள் நூறு விதம். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த விசை எந்தப் பக்கம் திரும்பும் என்பது கட்டியவருக்கு மனப்பாடம். வாங்கியவருக்கு அப்படியல்ல.

பாடகர் ஜான் டென்வரின் மரணம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானம் விழுந்து நொறுங்கியது. பர்ட் ரூட்டான் வடிவமைத்து, வேறொருவர் கட்டி, கைமாறி வந்த விமானம் அது. ஓர் எரிபொருள் கலனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கைப்பிடி, மூல வடிவமைப்பில் விமானியின் கால்களுக்கு இடையில் இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். அதில் எந்தக் குறியீடும் இல்லை. புறப்படும்போது எரிபொருளும் குறைவு. பறந்தபடியே பின்னால் திரும்பி அந்தக் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது அவர் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. எரிபொருளைச் சரிபார்க்காததும், அந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி பெறாததும் காரணங்களில் சேர்க்கப்பட்டன.

அங்கே எதுவும் உடைந்துபோகவில்லை. ஒருவர் தமக்கு வசதி என்று செய்த மாற்றம், அதைப் பழகாத மற்றொருவரின் உயிரோடு விளையாடிவிட்டது.

இரு பக்க நியாயம்

புதிய சலுகையை வரவேற்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உரிமம் பெற்ற பொறிநுட்பர் என்பதாலேயே அவர் எல்லா வீட்டுத் தயாரிப்பு விமானங்களையும் அறிந்திருப்பார் என்று சொல்ல இயலாது. அவர் ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறார், உரிமையாளரோ வாரந்தோறும் அதில் பறக்கிறார். பயிற்சி எடுத்து, தம் கையாலேயே மூடியைக் கழற்றிப் பார்க்கும் உரிமையாளர், யாரோ போட்ட கையெழுத்தை நம்பிப் பறப்பவரைவிடக் கவனமாக இருப்பார் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனாலும் “தன் முதுகு தனக்குத் தெரியாது” என்று தமிழில் சொல்வது சும்மா அல்ல. நாள்தோறும் பார்க்கும் கசிவு கண்ணுக்குப் பழகிவிடும். பிழை செய்தவரே சோதிக்கும்போது, செய்தபோது தோன்றாத ஐயம் சோதிக்கும்போதும் தோன்றாமல் போகலாம். பழைய முறையில் விமானம் கைமாறும்போதாவது வேறொரு கண் கட்டாயமாக உள்ளே பார்த்தது. அந்தக் கட்டாயம் இப்போது உரிமையாளரின் விருப்பமாக மாறிவிட்டது.

பிரிட்டனில் வழக்கம் வேறு. அங்கே இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகர் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்கிறார். உரிமையாளர் தாமே பராமரித்தாலும், ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்கப் பரிசோதகரின் ஒப்புதல் வேண்டும். கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் கோவிட்-19 முடக்கக் காலத்தில் பிரிட்டனில் நான்கு இருக்கை ‘ஸ்லிங்’ விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்த செய்தி 2022இல் இந்திய ஊடகங்களில் பரவலாக வெளியானது. பலரும் வியந்தது அவருடைய துணிச்சலைத்தான். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கட்டம் கட்டமாகச் சரிபார்க்கும் ஓர் ஏற்பாடு இருந்தது என்பதும் பேசப்பட வேண்டும்.

இங்கே நமக்கு என்ன?

2024 பிப்ரவரி 13ஆம் தேதி சுபாங்கிலிருந்து புறப்பட்ட இலகு ரக விமானம் காப்பார், கம்போங் தோக் மூடாவில் விழுந்து இருவர் உயிரிழந்ததை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இத்தாலியத் தொழிற்சாலைத் தயாரிப்பு, வீட்டில் கட்டியதல்ல. என்றாலும் அதன்பிறகு சிறிய விமானம் என்றாலே “யார் சோதித்தார்கள்?” என்ற கேள்வி எழுவது இயல்பாகிவிட்டது.

அமெரிக்காவின் மாற்றம் இங்கே தானாக அமலுக்கு வராது. மலேசியாவில் சிஏஏஎம், சிங்கப்பூரில் சிஏஏஎஸ் ஆகிய ஆணையங்கள்தான் விமானத்தின் தகுதிநிலையைத் தீர்மானிக்கின்றன. வீட்டுத் தயாரிப்பு விமானங்களுக்கு அமெரிக்கா வழங்கும் சோதனை வகைச் சான்றிதழ் அனைத்துலகத் தரச் சான்றிதழ் அன்று. வேறொரு நாட்டின் வான்வெளியில் நுழைய அந்நாட்டின் தனி அனுமதி தேவை. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய விமானத்தை வாங்கி இங்கே கொண்டுவர நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாங்கும் நிலை வந்தால் மூன்று பதிவேடுகளைக் கேட்க வேண்டும். கட்டியபோது எடுத்த படங்களும் குறிப்புகளும், சோதனைப் பறத்தலின் பதிவு, ஆண்டுவாரியான பராமரிப்புப் பதிவு. மூல வரைபடத்திலிருந்து எங்கெங்கு மாற்றம் செய்யப்பட்டது என்பதைக் கட்டியவரிடமே கேட்டறிவது இன்னும் நல்லது.

நமது தட்பவெப்பமும் ஒரு காரணம். ஈரப்பதத்தால் அரை காலியான எரிபொருள் கலனுக்குள் நீர் திரளும். பறக்கும் முன் அதை வடித்துப் பார்க்காவிட்டால் நடுவானில் இயந்திரம் நின்றுபோகலாம். வேகம் அளக்கும் குழாயை மூடாமல் நிறுத்திவைத்தால் குளவி கூடு கட்டிவிடும். சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 இயந்திரத்தின் ரப்பர் குழாய்களை, அதிகம் பறக்காவிட்டாலும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். குறிப்பிட்ட நாளில் செய்தே ஆக வேண்டிய வேலைகள் இவை.

சுபாங், சிப்பாங், சிலேத்தார் விமானப் பராமரிப்புக் கூடங்களில் பயிற்சி பெறும் நம் இளையர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பெரிய விமானங்களின் முக்கியமான பாகங்களில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் மீண்டும் சோதித்துக் கையெழுத்திடும் வழக்கம் இருக்கிறது. நேரத்தை வீணாக்கும் சடங்காக அது சில வேளைகளில் தோன்றலாம். அந்த இரண்டாவது கையெழுத்தை உரிமையாளரின் மனசாட்சிக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அமெரிக்கா இப்போது சோதித்துப் பார்க்கிறது.

சட்டம் கேட்கவில்லை என்றாலும், விமானத்தின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, விவரம் தெரிந்த இன்னொருவரை அழைத்து “ஒருமுறை பார்த்துவிடுங்கள் அண்ணே” என்று கேட்கும் உரிமையாளருக்குப் புதிய சலுகை நன்மையே செய்யும். அப்படிக் கேட்கத் தயங்குபவருக்குக் கையில் உள்ள சான்றிதழ் பாதுகாப்பு அளிக்காது.