குடத்தில் இடப்படாத ஓலை

சில திங்களுக்கு முன் மாணவர் சிலர் தங்கள் ஆய்வேட்டைப் பிழைதிருத்தித் தருமாறு நம்மிடம் கொண்டுவந்தனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளரின் நுரையீரல் நலம் பற்றிய சிற்றாய்வு அது. சந்திப்பிழை களைவது மட்டுமே நமக்கு இட்ட பணி. ஆயினும் மூன்றாம் பக்கத்தில் ஒரு தொடர் நம்மை நிறுத்திவிட்டது. தொழிலாளர் இருநூற்றுவர் 'தற்செயலாகத்' தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று எழுதியிருந்தனர்.

எவ்வாறு தேர்ந்தீர்கள் என்று வினவினோம். முற்பகலில் இரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் நின்று எதிர்ப்பட்டவர்களைக் கேட்டார்களாம். அதாவது, நின்று பேச நேரம் வாய்த்தவர்கள், தமிழ் அறிந்தவர்கள், நடமாடும் அளவுக்கு உடல்நலம் உடையவர்கள். இரவு ஷிப்டு முடிந்து அந்நேரம் உறங்கிக்கொண்டிருப்பவன் அங்கே இல்லை. இருமலோடு தகரக் கொட்டகையில் சுருண்டு கிடப்பவன் இரயில் நிலையத்துக்கு ஏன் வரப்போகிறான்? முடிவுரையிலோ, தொழிலாளரிடையே மூச்சுக் கோளாறு குறைவாகவே உள்ளது என்று மகிழ்ச்சியோடு எழுதப்பட்டிருந்தது.

மாணவர்களை மட்டும் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிழையில் பாதி அந்தச் சொல்லில் இருக்கிறது. 'ரேண்டம்' என்பதற்குத் தற்செயல் என்றும் எதேச்சை என்றும் நாம்தாமே எழுதி வைத்தோம்? தற்செயல் என்றால் திட்டமின்றி நேர்வது. ஆனால் இம்முறையைப் போலத் திட்டம் இறுகிய முறை வேறில்லை. முதலில் அனைவரின் பட்டியல் வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அகப்படும் வாய்ப்பு இவ்வளவு என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பின்பு குலுக்கலோ எண் அட்டவணையோ யாரைச் சுட்டுகிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாகாது. மீண்டும் வர வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வில் ஒவ்வொரு தொகுதியிலும் 22 வீடுகளைத் தேர்வார்கள். தேர்ந்த வீட்டுக்கு மாற்றாக வேறு வீடு வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. 'சமவாய்ப்பு' என்ற பாடநூற் சொல் எவ்வளவோ மேல். அச்சொல்லிலும் ஒரு குறை உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரெழுதிய ஓலைகள் சபையார் முன்னிலையில் குடத்தில் இடப்படும். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறோலை மறைந்திருக்கக் கூடாதல்லவா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தேர்வில் மனித விருப்பம் நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள். மேடைகளில் நாமும் இதைப் பெருமையாகப் பேசியிருக்கிறோம்.

ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போயிற்று? கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவையுடையவன், வேதம் கற்றவன். அது பிராமணர் சபை. உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலை இல்லை. சிறுவனின் கை நேர்மையானது. குடம் நேர்மையானதா என்பது வேறு கேள்வி.

நம் காலக் கணக்காய்வுக்கும் இதே இடர்தான். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ 24 இலட்சம் விடைத்தாள்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவரோ பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் மகிழுந்தும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் முகவரி எடுத்ததும், விருப்பமுள்ளோர் மட்டுமே விடை அனுப்பியதும் அதைக் கவிழ்த்தன. சரியாகத் தேர்ந்த ஆயிரம் பேர், ஏறக்குறைய மூன்று விழுக்காடு முன்பின்னாக, ஒரு நாட்டின் கருத்தைச் சொல்லிவிடுவார்கள். தவறாகத் தேர்ந்தால் இருபது இலட்சம் பேரும் போதாது. நம் நாட்டில் இதை ஊன்றியவர் மகலனோபிஸ். 1937 முதல் வங்கத்துச் சணல் வயல்களை மாதிரி எடுத்து அளந்தார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைச் சான்று காட்டுவோர் உண்டு. ஒரே அரிசி, ஒரே உலை என்றால் சரி. ஊர் அப்படி வேகுவதில்லை.

நற்சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் கிராமங்களைச் சமவாய்ப்பில் தேர்ந்து, பதினைந்து அகவைக்கு மேற்பட்டோரை அறிகுறி கேட்டும் ஊடுகதிர்ப்படம் எடுத்தும் சோதித்தது. தேவைப்பட்டோரின் சளியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தது. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையான டாட்ஸ் வந்த சில ஆண்டுகளில் நோயாளர் அளவு இலட்சத்துக்கு ஏறத்தாழ 600 என்பதிலிருந்து பாதியாகக் குறைந்ததை அவ்வாய்வுகள் காட்டின. அடுத்த சுற்றில் அது சற்றே ஏறியதையும் மறைக்காமல் பதிந்தன. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணியிருந்தால் இவ்விரண்டும் தெரிந்திரா. காசநோய் ஆண்களிடையே மிகுதி. பகலில் வீட்டில் அகப்படாதவர்களும் அவர்களே. ஆகவே பூட்டிய கதவை விட்டுவிட்டுப் போகும் ஆய்வு, நோயையே விட்டுவிட்டுப் போகிறது.

இனி, 'சமவாய்ப்பு' என்ற சொல்லின் குறை. யாருக்குச் சமவாய்ப்பு? பட்டியலில் உள்ளோர்க்கு. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளையும் வார்ப்பாலைகளையும் சுற்றி ஒடிசா, பீகார், வங்கம், அசாம் என்று பல திசையிலிருந்தும் வந்தோர் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் இல்லை. குடும்ப அட்டைக் கணக்கிலும் இல்லை. 1990-களிலிருந்து இங்குள்ள ஈழத்தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போவோரும் அவ்வாறே. இருளர் குடியிருப்புகள் ஊர்ப் பட்டியலின் ஓரத்தில் நிற்கின்றன. 2019-21 குடும்பநல ஆய்வுக்கே 2011 மக்கள்தொகைக் கணக்குதான் அடிப்படை. அதற்குப் பின் இத்தொழிற்பேட்டையில் எழுந்த கொட்டகைகள் எத்தனை!

ஆகவே மாணவர் ஆய்வாயினும், பட்டியல் கையில் இல்லையேல் நடந்துபோய்ப் பட்டியல் எடுக்கட்டும். இயலாதெனில் 'கண்ணில் பட்டோரைக் கேட்டோம்' என்று ஒளிக்காமல் எழுதட்டும் என்பது நம் நிலைப்பாடு. அரசின் ஆய்வுகளும் யார் விடுபட்டனர் என்பதை முதற்பக்கத்தில் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர், யாரும் படிக்காத ஆய்வேட்டுக்கு இத்தனை கெடுபிடியா என்று நகைத்தார். படிக்காவிட்டாலும் மேற்கோள் காட்டுவார்கள், ஐயா. மூச்சுக் கோளாறு குறைவு என்ற அந்த ஒரு வரி போதும், ஒரு மருத்துவ முகாம் தேவையில்லை என்று முடிவுகட்ட.

மாணவர்கள் இரண்டு தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். இம்முறை இரவில் சென்றனர். இந்தி அறிந்த நண்பன் ஒருவனும் உடன் போனான். ஓர் அறையில் பன்னிருவர். அறுவர் உறங்கி எழுந்து வேலைக்குப் போனதும் அதே பாய்களில் மற்ற அறுவர் வந்து படுக்கின்றனராம். வினாப்படிவத்தின் முதற் கட்டத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று நாமே திருத்திக் கொடுத்திருந்தோம். அங்கே யார் பெயரை எழுதுவது என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஓரடுப்பில் சமைத்து உண்போரை ஒரு குடும்பமாகக் கொள்வது கணக்கெடுப்போர் வழக்கம் என்றோம். ஒரே அடுப்புதான், ஆனால் பன்னிருவரும் சேர்ந்து ஒருநாளும் உண்டதில்லையாம். அக்கட்டத்தை அப்போதைக்கு வெறுமையாக விடச் சொன்னோம். அதில் இடத்தக்க சொல் இன்னும் நமக்கு அகப்படவில்லை.