நாய் தரையில் தேய்ப்பது வேடிக்கை அல்ல!

மாதனூர், பாலாற்றங்கரை ஊர். ஒரு பக்கம் ஆம்பூர். மறு பக்கம் பள்ளிகொண்டா. விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் வருகிறது. பெண்கள் சாப்பாட்டுப் பையுடன் ஏறிப் போகிறார்கள். வீட்டில் பாட்டியும் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாசலைக் காப்பது யார்? நாய்தான்!

அந்த நாய் ஒரு நாள் உட்கார்ந்தபடியே நகருகிறது. முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வாசல் முழுவதும் போகிறது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். "சீ, அசிங்கம்!" என்று பாட்டி துடைப்பத்தை ஓங்குகிறாள்.

சிரிப்பதும் தவறு. அடிப்பதும் தவறு. வாயில்லாத ஜீவன் தன் உபாதையைச் சொல்கிறது. அதற்குத் தெரிந்த பாஷை அதுதான். அதைப் புரிந்துகொண்டால் நாய்க்கு மட்டும் அல்ல, வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது.

இரண்டு சிறு பைகள்

நாயின் ஆசனவாய்க்கு இரு பக்கமும் தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் கெட்ட வாடை அடிக்கும் ஒரு நீர் ஊறுகிறது. ஒரு நாய் இன்னொரு நாயை மோந்து அடையாளம் தெரிந்துகொள்ள இந்த வாடை உதவுகிறது.

மலம் கெட்டியாகப் போனால், அது அழுத்தும்போது அந்த நீரும் வெளியே வந்துவிடும். பல நாள் கழிச்சல் இருந்தால், அந்த அழுத்தம் இருக்காது. நீர் உள்ளேயே தங்கிக் கெட்டியாகும். பை நிரம்பும். நமைச்சல் எடுக்கும். நாய் தரையில் தேய்க்கும், அடிக்கடி நக்கும், வாலைக் கடிக்கும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்து, கட்டி உடைந்து, ரத்தம் வரும். அப்போது நாய் படும் வேதனை சொல்லி முடியாது.

இந்தத் தொல்லை சிறு ஜாதி நாய்களுக்கு அதிகம். உடம்பு பெருத்த நாய்க்கும் வரும்.

அரிசி மணி போல் என்ன அது?

இன்னொரு காரணம் நாடாப் புழு. இது குடலில் நாடா போல் நீளமாக வளரும். அதன் துண்டுகள் அறுந்து வெளியே வரும். நாயின் வால் அடியிலும், அது படுக்கும் சாக்கிலும் அரிசி மணி போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டுகள் ஊர்வதால் நமைச்சல் எடுக்கிறது.

இந்தப் புழு நாய்க்கு எப்படி வருகிறது? தெள்ளுப்பூச்சியால் வருகிறது! புழுவின் முட்டை மண்ணில் விழுகிறது. தெள்ளுப்பூச்சியின் குஞ்சு அதைத் தின்கிறது. குஞ்சு வளர்ந்து தெள்ளுப்பூச்சியாகி நாயின் மேல் ஏறுகிறது. அரிப்புத் தாளாமல் நாய் உடம்பைக் கடிக்கும்போது, அந்தப் பூச்சியை விழுங்கிவிடுகிறது. மறுபடியும் குடலில் புழு!

ஆகவே, புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது. தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். படுக்கும் இடத்தை அடிக்கடி பெருக்குங்கள்.

தோல் நோய், சிக்குப் பிடித்த மயிர், புண், கட்டி ஆகியவற்றாலும் நாய் தேய்ப்பது உண்டு. எது காரணம் என்று பார்த்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு தடவை தேய்த்தால் பயப்பட வேண்டாம். மலம் ஒட்டியிருக்கலாம். வாலைத் தூக்கிப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள். நாய் உறுமினால் விட்டுவிடுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தேய்த்தால் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெயர்தான் மாட்டாஸ்பத்திரி, நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. வீக்கம், சீழ், ரத்தம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். டாக்டர் கையுறை போட்டு, பையை அழுத்தி நீரை எடுத்துவிடுவார். சில நிமிட வேலைதான். நீங்களாக அழுத்தாதீர்கள். பை உள்ளேயே உடைந்துபோகலாம். நன்றாக இருக்கும் பையை மாதாமாதம் அழுத்துவதும் வேண்டாம்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் தடவாதீர்கள். அது வைத்தியம் அல்ல, சித்திரவதை! மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. நாயின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவே சரி.

மலம் இளகிப் போகும் நாய்க்கு, வேகவைத்த மஞ்சள் பூசணியைச் சோற்றில் கொஞ்சம் பிசைந்து வைக்கலாம். நார்ச்சத்து மலத்தைக் கட்டும். எண்ணெய்ப் பண்டமும் பிரியாணி மிச்சமும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து?

ஆம்பூர் வட்டாரம் பிரியாணிக்குப் பேர்போனது. ஊருக்கு ஊர் கறிக்கடை உண்டு. கடை ஓரத்தில் நாய்கள் காத்துக் கிடக்கும். ஆட்டு ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். "இது ஆகாது" என்று அதை நாய்க்கு வீசுகிறார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது வேறொரு சிறு நாடாப் புழுவின் குஞ்சுகள்! நாயின் குடலில் அவை வளர்ந்து முட்டையிடும். அந்த முட்டை மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையோடு பிள்ளை சாப்பிட்டால், முட்டை வயிற்றுக்குள் போகும். பல ஆண்டு கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். ஆபரேஷன் வரையில் போக நேரிடும்.

இந்தப் புழு இருக்கும் நாய் பெரும்பாலும் தேய்க்காது. நோயாளி போலவும் தோன்றாது. ஆகவே, தேய்க்காத நாய்க்கும் மாத்திரை அவசியம். பச்சைக் குடலும் ஈரலும் நாய்க்குப் போடக் கூடாது. கறிக்கடைக்காரர்கள் கழிவை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

நாய்க்குட்டிக்கு உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறது. அதன் முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால், கண்ணையும் கெடுக்கக்கூடும். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே டாக்டரைக் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும்.

வருஷத்தில் நான்கு நாள்

2015 முதல் நம் நாட்டில் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்ற நாட்களை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்கு மாத்திரை தருகிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால், மாத்திரை விழுங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து, புழு உள்ள நாயோடு மண்ணில் புரண்டால் என்ன பயன்? நாயின் புழு வேறு. அதற்கு மருந்தும் வேறு.

ஒரு யோசனை சொல்கிறோம். பிள்ளை மாத்திரை வாங்கும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நாய்க்கும் மாத்திரை கொடுங்கள். நடுவே மே, நவம்பர் மாதங்களில் இரண்டு தடவை கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்குச் சரியாகிவிடும். மறதியும் வராது.

ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்தினார். அந்த நாளை விலங்குகளிடமிருந்து தொற்றும் நோய்களுக்கான தினமாக உலகம் அனுசரிக்கிறது. அன்று நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி போடும் முகாம்கள் நடப்பது உண்டு. ஊசி போட வரும் நாய்க்குப் புழு மாத்திரையையும் அதே இடத்தில் கொடுத்தால் என்ன? செலவு கொஞ்சம், நன்மை அதிகம்.

தாய்மார்களே! பிள்ளைகள் நாயைத் தொட்ட பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். அடுத்த முறை நாய் தரையில் தேய்த்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள். நம் வாசலைக் காக்கும் ஜீவனுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.