மரம் வீழ்ந்தால் மண்ணையும் விசாரியுங்கள்

2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, வீதியோரங்களிலும் கிண்டிக் காட்டிலும் மரங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. மறுநாளே தீர்ப்பும் வழங்கப்பட்டுவிட்டது. குல்மோகர், பெருங்கொன்றை முதலியன அயல்நாட்டு மரங்கள், ஆழ வேரூன்றாதவை, ஆதலின் வீழ்ந்தன என்றனர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இது பாதி விசாரணையே என்பது என் துணிபு. மரத்தைக் கூண்டில் ஏற்றிய நாம், மண்ணைச் சாட்சியாகக்கூட அழைக்கவில்லை.

வளர்ந்த மரத்தை ஆணிவேர் ஒன்றே தாங்குகிறது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. உண்மை வேறு. பெரும்பாலான மரங்களின் வேர்த்தொகுதியில் மிகுதியும் மேல்மண்ணில், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பக்கவாட்டில் படர்ந்துள்ளது. கிளைகளின் நிழலையும் கடந்து செல்கிறது. காற்று மோதும்போது, அது வீசும் பக்கத்து வேர்கள் வடக்கயிறுபோல் இழுத்துப் பிடிக்கின்றன. வேர்கள் கவ்விய மண்ணின் எடை, அடிமரம் பெயராது அழுத்துகிறது. வேரும் மண்ணும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் உறுதியே மரத்தின் நிலைபேறு. மழைநீர் மண்ணின் நுண்துளைகளை நிரப்பியதும் அப்பிடிப்புத் தளர்கிறது. புயல் மழையையும் உடன் கொணர்வதால் மரத்திற்கு இருமுனைத் தாக்குதல் நேர்கிறது.

இனி, நகரத்து மண்ணை நோக்குவோம். நல்ல மண்ணின் பருமனில் பாதியளவு காற்றும் நீரும் உலவும் வெற்றிடம். சாலை அமைப்போரோ உருளை கொண்டு அவ்வெற்றிடத்தை நசுக்குகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இறுகாத மண்மீது சாலை நில்லாது. ஆனால் களிமண் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராமுக்கு மேல் இறுகினால் வேர் அதனுள் நுழைய இயலாது திணறுகிறது. மணற்பாங்கான மண்ணில் இவ்வெல்லை 1.8 கிராம் அளவில் உள்ளது. எஞ்சிய வேர்களையும் வடிகாலுக்கென்றும் கம்பிவடத்திற்கென்றும் தோண்டும் பள்ளங்கள் அறுத்தெறிகின்றன. இந்நிலையில் வேம்பாயினும் புன்னையாயினும் என் செய்யும்?

இரு தேவைகளையும் இணைக்க வழியில்லையா எனின், உண்டு. உடைத்த கருங்கற்கள் பாரத்தைத் தாங்க, அவற்றின் இடுக்கிலுள்ள மண்ணில் வேர் ஓடும் கலவையொன்றை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990களில் உருவாக்கினர். அவ்வளவு செலவு நமக்கு இயலாதெனினும், அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாதிருக்கச் செலவேதும் இல்லை! தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. படர்ந்த வேருக்கு அதுவும் போதாது. ஆயினும் நல்ல தொடக்கம்.

அடையாற்றின் புகழ்பெற்ற ஆலமரம் 1989ஆம் ஆண்டுச் சூறைக்காற்றில் நடு அடிமரத்தை இழந்தும், விழுதுகளால் இன்றும் வாழ்கிறது. அவ்விழுதுகள் இறங்கிய இடம் திறந்த மண்ணாக இருந்தது. அங்குத் தளக்கல் பதித்திருந்தால் அவை எங்கே ஊன்றியிருக்கும்?

மரம் நடுவிழா அழைப்பிதழ்களில் ‘ஆயிரம் கன்றுகள்’ என்று எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம். ஒவ்வொரு கன்றுக்கும் எத்துணை அடி திறந்த மண் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதையும் அதனருகில் அச்சிடுமாறு விழாக் குழுவினரை மாணவர்கள் கேட்கலாம்.