பல்லு வெளக்குனியா என்று கேட்டவர்களே

நான் பல் விளக்குகிறேன். காலையில் விளக்குகிறேன், ராத்திரி படுக்கும் முன்னால் விளக்குகிறேன். சின்ன வயதில் வேப்பங்குச்சியால் விளக்கினேன், சாம்பலால் விளக்கினேன், ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை செங்கல் பொடியாலும் விளக்கினேன். ஏனென்றால், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சார், வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, "ஏ புள்ள, பல்லு வெளக்குனியா இல்லையா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்த வாய்களில் பாதிக்கு மேல் அதே காவிக் கறை. அதை அவர் பார்க்கவில்லையா? பார்த்தும், இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி ஒரே மாதிரி வந்தது என்று அவருக்கு ஒரு கேள்வி எழவில்லையா?

இது அழுக்கு இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது? இது தருமபுரி மாவட்டத்துப் பாறைக்குள் போர் போட்டு எடுத்த தண்ணி. அதில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. குடிக்கிற தண்ணியில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிறது. எங்கள் பக்கம் எத்தனையோ போர்களில் அது அந்த அளவைத் தாண்டித்தான் இருந்தது. பால் பவுடர் கரைத்ததும் அந்தத் தண்ணியில்தான், களி கிண்டியதும் அந்தத் தண்ணியில்தான். பச்சைத் தண்ணி கொடுக்கக் கூடாது என்று அம்மா காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பிறகு நானும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நிரந்தர முன்பல்லின் எனாமல் உருவாவது கைக்குழந்தையாக இருக்கும்போதும் தவழ்ந்து நடந்து திரியும்போதும். அப்போது உடம்பில் ஃபுளோரைடு மிதமிஞ்சினால் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். ஆறேழு வயதில் பல் வெளியே வரும்போது சுண்ணாம்பு பூசிய மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பிறகு அந்தத் துளைகளில் பழுப்பு ஏறும். அதாவது, விளக்குவதற்கு அந்தப் பல் வாய்க்குள் வரும் முன்பே அது கெட்டுப் போயிருந்தது. அப்புறம் எதற்காக என்னைத் திட்டினீர்கள்?

தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பல்லில் இந்தக் கறைக்குக் காரணம் தண்ணியிலுள்ள ஃபுளோரைடு என்று அமெரிக்காவில் 1931-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. 1937-ல் நம்முடைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் மாவட்டத்தில், இது பல்லோடு நிற்காது, எலும்பையும் முடக்கும் என்று மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதி அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். நாடு சுதந்திரம் அடைவதற்குப் பத்து வருஷம் முன்னால்! காவிரி எங்கள் மாவட்டத்தில்தான் ஒகேனக்கல் அருவியாக விழுகிறது. உலகமே வந்து பரிசலில் போய்ப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணியை எங்கள் குழாய்க்குக் கொண்டுவர, ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நட்டு, 2013-ல் திறந்தார்கள். ஜப்பான் கடன் கொடுத்து வந்த திட்டம். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று எங்கள் நோய் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் 1937-லிருந்து 2013 வரை எத்தனை குழந்தைகளுக்குப் பல் முளைத்திருக்கும்? அவர்கள் எல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்?

என் அப்பா அந்தத் தண்ணியைக் குடித்தபடி வெயிலில் கல் உடைத்தவர். அவருக்கு இப்போது கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். அவரை நினைத்தால் என் பல்லைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பேசுகிறேன். பல்லைத்தானே எல்லோரும் பார்க்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனேன். புடவை எடுத்துக் காட்டும் பிரிவில் நிற்கவைக்கிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போனவர்கள், என் வாயைப் பார்த்ததும் குடோனில் மடிக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். சம்பளமும் குறைந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, "பொண்ணு வெத்தலை பாக்கு போடுமா?" என்று தரகரிடம் கேட்டார். என் காதில் விழவேண்டும் என்றுதான் கேட்டார். கல்யாணத்தன்று போட்டோக்காரர், "கொஞ்சம் சிரிங்கம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சினார். உதட்டைப் பிரிக்கவில்லை நான். அதற்கு என் மாமியார் வீட்டில் வைத்த பெயர் திமிர்.

இப்படி வெந்து கிடப்பவர்களைத் தேடித்தான் அந்த விளம்பரம் வருகிறது. ஒரே மணி நேரத்தில் முத்துப் பல். வலி இல்லை, பக்க விளைவு இல்லை. சீட்டு எடுத்த பணத்தோடு போனேன். ஏசி போட்ட அழகு நிலையம். "டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டேன். "நானே ட்ரெயினிங் முடிச்சிருக்கேன்க்கா, பயப்படாதீங்க" என்றது அந்தப் பெண். என் வாயைத் திறந்து சொத்தை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஈறு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. எந்த ஊர், என்ன தண்ணி குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஜெல்லைத் தடவி நீல விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பல்லுக்குள்ளிருந்து மண்டைவரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி. கையை ஆட்டினேன். "அப்படித்தான்க்கா இருக்கும், பொறுத்துக்கோங்க, அழகுன்னா சும்மாவா?" வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் ஈறு வெந்து வெளுத்திருந்தது. பழுப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. திரும்பிப் போய்க் கேட்டால், "உங்க பல்லு அப்படிக்கா" என்றார்கள்.

என் பல் அப்படி என்று தெரியாமலா காசு வாங்கினீர்கள்?

பிறகு ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வரிசையில் நின்றேன். ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்ன வயது. வாயைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எந்த ஊர்க்கா நீங்க?" என்றுதான். அந்த ஒரு கேள்விக்கு நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர்தான் எல்லாம் சொன்னார். வெளுக்கவைக்கிற மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆஸ்பத்திரியில் போடுவது 25-லிருந்து 40 சதவீதம் வரை வீரியம் உள்ளது. ஈறில் பட்டால் பொசுக்கிவிடும், அதனால் ஈறை மூடி மறைத்துவிட்டுத்தான் தொடவே வேண்டும். வீட்டில் செய்வதென்றால் அவரவர் பல்வரிசைக்கு அச்சு எடுத்துச் செய்த உறையில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு விட்டு, டாக்டர் சொல்கிறபடி சில வாரம் ராத்திரி மாட்டிக்கொள்வது. அதன் வீரியம் ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்கில் சுமார் மூன்றரை சதவீதம்தான். மெதுவாகத்தான் வெளுக்கும், ஆனால் பத்திரம். முதலில் சொத்தையை அடைக்க வேண்டும், ஈறு நோயைச் சரிசெய்ய வேண்டும். அடைத்த பல்லும் கேப் போட்ட பல்லும் எந்த மருந்துக்கும் வெளுக்காது. நீல விளக்கால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. என் பல் மாதிரி இருப்பதற்கு மேல்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்தெடுக்கும் முறை இருக்கிறது, திட்டுக்குள் பிசின் ஏற்றும் முறை இருக்கிறது, ரொம்ப மோசமென்றால் பல் நிறத்தில் மேல்பூச்சு. எலுமிச்சம்பழமும் உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிற எனாமலையும் இழக்கிறார்கள், இழந்த எனாமல் திரும்ப வளராது என்றார்.

இவ்வளவுதான். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சில நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி. இதை எனக்கு முன்னாலேயே யாரும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் நடக்காதே!

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பல் வெளுக்கவைக்கிற மருந்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு இருந்தாலே அதைப் பல் மருத்துவர்களுக்குத்தான் விற்க வேண்டும், 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 18 வயதுக்குக் கீழே போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம்மிடமும் 1948-லேயே பல் மருத்துவர்கள் சட்டம் போட்டாகிவிட்டது. பதிவு செய்யாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று சொன்ன சட்டம். அப்படியென்றால் தெருவுக்குத் தெரு தொங்குகிற இந்த 'முத்துப் பல்' போர்டுகள் எந்தச் சட்டத்தில் தொங்குகின்றன? இது வைத்தியம் இல்லை, அழகுக்கலை என்பீர்களா? என் ஈறு வெந்ததை எந்தக் கலையில் சேர்ப்பீர்கள்?

வெள்ளைப் பல்தான் பல் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். விளம்பரத்தில் வருகிற அந்த வெள்ளை எந்த மனுஷனுக்கு இருக்கிறது? நோயே இல்லாத பல்லுக்கும் லேசான மஞ்சள் இயற்கை. எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டினின் நிறமே மஞ்சள். அப்படியிருக்க, எங்களை வாயைப் பொத்தவைத்து, பொத்திய கையிலிருந்தே காசையும் பிடுங்குகிறீர்கள்.

எங்கள் ஊரில் இப்போது ஒகேனக்கல் தண்ணி வருகிறது. வராத நாளில் அதே தொட்டியில் பழைய போர் தண்ணியை ஏற்றுகிறார்கள். வசதியுள்ளவன் கேன் வாங்குகிறான். இல்லாதவன் பிள்ளை குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பல் சுகாதார முகாம் நடத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரஷ், ஒரு சின்ன பேஸ்ட். ரெண்டு வேளை தேய்க்கணும் கண்ணுகளா என்று மைக்கில் சொன்னார்கள். என் மகள் கைதட்டிவிட்டு வந்தாள். முகாமுக்கு வந்தவர்களிடம், பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணியை ஃபுளோரைடுக்குக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று போய்க் கேட்டேன். அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லைம்மா என்றார்கள். எது உங்கள் டிபார்ட்மெண்ட்? யாருடைய டிபார்ட்மெண்ட்? அதைச் சொல்லுங்கள், அங்கே போய்க் கேட்கிறேன். வாயைத் திறந்தே கேட்கிறேன்.