ஸ்டீராய்டுக்கு முன் புழுவைத் தேடுங்கள்

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய் எனப் பலவற்றுக்கும் ஸ்டீராய்டு தரப்படுகிறது. கோவிட் முற்றிப்போய் ஆக்சிஜன் தேவைப்பட்ட பலரைக் காப்பாற்றியதும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுதான். ஆனால், குடலில் ‘ஸ்ட்ராங்கிலாய்டஸ்’ புழு குடியிருப்பவருக்கு இதே மருந்து எமனாகலாம். தடுக்க எளிய வழி இருந்தும் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கட்டளையும் கடிவாளமும்

பாக்டீரியாவை வெள்ளையணுக்கள் விழுங்கிவிடும். புழுவை விழுங்க முடியாது. அது மிகப் பெரியது. அதனால் உடல் வேறு உத்தியைக் கையாள்கிறது. புழுவின் வரவை உணரும் குடல்சுவர் செல்கள் இன்டர்லியூக்கின்-25 என்னும் சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. அதனால் தூண்டப்படும் தற்காப்புச் செல்கள் இன்டர்லியூக்கின்-5-ஐச் சுரக்கின்றன. இதுதான் எலும்பு மஜ்ஜையில் ஈஸினோஃபில் என்னும் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது. அவற்றின் ஆயுளையும் நீட்டுகிறது. அவை புழுவின் மீது ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன.

இந்த நச்சு நம் திசுக்களையும் புண்ணாக்கும். எனவே, இன்டர்லியூக்கின்-10 போன்ற சமிக்ஞைகள் கடிவாளம் போடுகின்றன. யானைக்கால் புழுவுக்கு எதிரான இந்த எதிர்வினை கட்டுமீறிப் போகும் சிலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டு, இரவெல்லாம் இருமலும் இளைப்பும் வாட்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குள் இருக்க வேண்டிய ஈஸினோஃபில்கள் அவர்களுக்கு 3,000-ஐத் தாண்டிவிடும்.

அறுபடும் சமிக்ஞை

ஸ்ட்ராங்கிலாய்டஸ் உடலை விட்டு வெளியேறாமலே பெருகக்கூடியது. அதன் இளம்புழுக்கள் குடலைத் துளைத்து, மீண்டும் ரத்தத்தில் கலக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் சிறைப்பட்ட வீரர்களிடம், பல பத்தாண்டுகள் கழித்தும் இப்புழு கண்டறியப்பட்டது. அத்தனை காலமும் அதை அடக்கிவைப்பது நோயெதிர்ப்பு ஆற்றல்தான்.

ஸ்டீராய்டு இன்டர்லியூக்கின்-5 உற்பத்தியைக் குறைக்கிறது. ஈஸினோஃபில்களை மடியச் செய்கிறது. காவல் தளர்ந்ததும் இளம்புழுக்கள் கூட்டமாகக் கிளம்பி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை வரை செல்கின்றன. அந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனையில் ஈஸினோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே தெரியக்கூடும். அதை நம்பி, புழு இல்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து.

செய்ய வேண்டியவை

தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரப்படும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இப்புழுவை ஒழிக்கப் போதாது. இதற்கு உகந்தது ஐவர்மெக்டின். கோவிட் காலத்தில் அம்மருந்து தவறாகப் புகழப்பட்டு, பின்னர் கேலிக்கும் ஆளானது. இங்கே அதன் பலன் ஐயத்துக்கு இடமில்லாதது. பள்ளி வயதுச் சிறார்களில் 5 சதவீதத்தினருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இப்புழு காணப்படும் பகுதிகளில், ஆண்டுக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் வழங்க உலக சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்தது.

அத்தகைய மருந்து விநியோகம் தொடங்கும்வரை மருத்துவமனைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இப்புழு மண்ணிலிருந்து தோல் வழியே உடலுக்குள் நுழைவதால், ஸ்டீராய்டைத் தொடங்கும் முன், வெறுங்காலில் மண்ணில் வேலை செய்பவரா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். ஒருமுறை மலப் பரிசோதனை செய்தால் புழு தப்பிவிடலாம் என்பதால், ஆன்டிபாடி பரிசோதனையும் தேவை. அவசர நிலையில், முடிவுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் தருவதையும் மருத்துவர் பரிசீலிக்கலாம். இவற்றை அரசு தன் சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகளில் கட்டாயமாக்க வேண்டும்.